மேலவீட்டுக்காரியின் தண்ணீர்

வைகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராத வருஷத்துப் பங்குனி மாதத்தில், ஆற்று மணலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு விடிகாலையில், சிறுவேலங்குளத்துப் பஞ்சவர்ணத்தின் தென்னந்தோப்பில் அரசாங்கம் தோண்டிவைத்திருந்த குழிக்குள், இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துப் பழைய கழிவுநீர் வாறுகாலில் தண்ணீர் ஓடியது. குழியின் மேற்குப் பக்கத்து மண்சுவரிலிருந்து வந்து, சுட்ட செங்கல் பாவிய வாறுகால் வழியே எங்கும் தேங்காமல் ஓடி, கிழக்குப் பக்கத்து மண்சுவருக்குள் போய் மறைந்தது. அதில் மஞ்சள் வாசனை இருந்தது, அரப்பு வாசனை இருந்தது. அந்தப் பக்கம் யாரோ குளித்திருக்கிறார்கள் என்பது குழிக்குள் இறங்கி முகர்ந்து பார்த்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது, விளங்காதவர் அகழாய்வு அதிகாரி திலகா ஒருவர்தான்.

திலகா இரண்டு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மெட்ராசுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது பாட்டிலுக்குள் ஒரு சிட்டிகை மண் தவிர ஒன்றும் இல்லை என்று அங்கிருந்து போன் வந்தது. அவர் நிலத்தடிக் கசிவாக இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். ஊர்க்காரர்களும் அவர் மனம் நோகக்கூடாதே என்று ஆமாம் என்றார்கள்.

பஞ்சவர்ணத்திடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளோடு பேசக்கூடாது என்பது ஊர்க்கட்டு.

அந்தக் கட்டு வந்த கதை இது. பூமிக்கடியில் பழைய ஊர் இருக்கிறது, தோண்ட இடம் வேண்டும் என்று அதிகாரிகள் வந்தபோது, கொடுத்த மண் திரும்பி வராது என்று ஊர் பயந்தது. யாரும் ஒரு பிடி மண்ணைக்கூடக் கொடுப்பதில்லை என்று பெரியகாளை அம்பலம் தலைமையில் கோயில் வாசலில் முடிவு செய்தார்கள். மறுநாளே பஞ்சவர்ணம் தன் தோப்பைக் கொடுத்துவிட்டாள். பணத்துக்கு மயங்கிவிட்டாள் என்று ஊர் பேசியது. பாவம், அவள் மயங்கியது வேறு ஒன்றுக்கு. திலகா அவள் வீட்டு அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்து, உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், பம்புசெட்டில் மின்சாரம் தாக்கிய அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை, பொழுது சாயும்வரை, வாட்சைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையும் இல்லாமல், கூடப்பிறந்ததும் இல்லாமல் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் வீட்டில் ஒரு மனுஷி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் தோப்பைக் கேட்டார், அவள் கொடுத்தாள். வீட்டைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

தனிமை தாங்காமல் செய்த காரியம் அவளை இன்னும் தனியாக்கிவிட்டது. சிறுவேலங்குளத்தில் கட்டு என்றால் பேச்சு இல்லை, நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை. தெருவின் வாறுகால் மேட்டிலிருக்கும் அவள் வீட்டு வாசலில் தொடங்கி, பக்கத்து வீட்டு ராக்கம்மாளின் மதிலுக்கு அடியில் புகுந்து, வரிசையாக எல்லா வீட்டையும் தொட்டுக்கொண்டு வாய்க்காலில் போய்ச் சேரும். அந்த மதிலோரத்தில் அம்பலம் ஆள்விட்டு ஒரு கல்லை நட்டு, சுற்றிலும் களிமண் பூசிவிட்டார். கட்டுப்பட்ட வீட்டுத் தண்ணீர் மற்ற வீட்டைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அன்றிலிருந்து பஞ்சவர்ணம் குளித்த தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் அவள் வாசலிலேயே தேங்க, கொசு மொய்த்தது. அவள் அதை வாளியில் மொண்டு மொண்டு தென்னைக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

கல்லைவிட அவளை அதிகம் வருத்தியது ராக்கம்மாள். ஒரே முருங்கைமரத்தின் காயைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பறித்துக் குழம்பு வைத்தவர்கள் அவர்கள். ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தவர்கள். இப்போது பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்தால் ராக்கம்மாள் பாத்திரத்தை டமார் என்று போடுவாள். கோபத்தில் போடுகிறாளா, தான் இருப்பதைத் தெரியப்படுத்தப் போடுகிறாளா என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் அந்தச் சத்தத்துக்காக அவள் வாசலுக்கு வந்தாள்.

தோண்டத் தொடங்கியதும் ஊருக்குப் பெரிய ஏமாற்றம். தங்கம் வரும், சாமி சிலை வரும், ராஜாவின் வாள் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு முன்னால் வீடு வந்தது, தெரு வந்தது, சுடுமண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு வந்தது. பாசிமணி வந்தது. பானை ஓட்டில் யாரோ தன் பெயரைக் கீறிவைத்திருந்தது வந்தது. உரசி வட்டமாக்கிய சில்லுகள் வந்தன, அவற்றை வைத்து அக்காலத்தவர்கள் விளையாடியிருப்பார்கள் என்று திலகா சொன்னபோது, வேலை இல்லாதவர்கள் போலிருக்கிறது என்று ஊர் சிரித்தது. கடைசியாக அந்த வாறுகால் வந்தது. அன்று மட்டும் சிரிக்கவில்லை, ஏனென்றால் பஞ்சாயத்து மூன்று தடவை சிமெண்டில் கட்டிய வாறுகாலில் இன்றுவரை மழைத்தண்ணீர் வீட்டுக்குள்தான் ஓடுகிறது.

இதில்தான் தண்ணீர் வந்தது. ஊரும் அதை ஏற்றுக்கொண்டது, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகளை ஏற்றுக்கொள்வதுபோல, முதலில் குறை சொல்லி, அப்புறம் அவள் இல்லாமல் முடியாது என்றாகி. முதல் வாரம் சூடம் காட்டினார்கள். அடுத்த வாரம், யாரோ குளித்த தண்ணீருக்கா சூடம் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் பெண்கள் பல் விளக்கிக்கொண்டே குழியோரம் வந்து, இன்றைக்கு அங்கே என்ன சமையல் என்று பேசத் தொடங்கினார்கள். புளி கரைத்த வாசனை வந்தால் மீன் கிடைத்திருக்கிறது, அவர்கள் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று பெருமூச்சு விட்டார்கள். அரிசி களைந்த கழனித்தண்ணீர் வரும் நேரம் தெரிந்து மாடுகளை ஓட்டிவந்தார்கள். பஞ்சாயத்து காண்டிராக்டர் நல்ல வேட்டியோடு குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் தண்ணீர் வடியும் வாட்டம் பார்த்து, எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல் போனார்.

ஒருநாள் திலகா அவர்களிடம் சொன்னார், இதில் செங்கல் பெரிய விஷயம் இல்லை, வாட்டம்கூடப் பெரிய விஷயம் இல்லை, இந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் மேல்வீட்டுத் தண்ணீரைத் தன் வீட்டு வழியாகப் போகவிடச் சம்மதித்திருக்கிறது, ஒரு வீடு முடியாது என்று சொல்லியிருந்தாலும் இந்தத் தெருவே இருந்திருக்காது, அதுதான் அவர்கள் சாதனை என்று. ஊர் மொத்தமும் தலையை ஆட்டியது. சற்றுத் தள்ளித் தென்னை மரத்தடியில் நின்ற பஞ்சவர்ணம் யாராவது தன் பக்கம் திரும்புவார்களா என்று பார்த்தாள். அம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தில் மழைக்குறி பார்த்தார்.

இப்படியாக ஊரே அவள் தோப்புக்குள் நிற்கும், அவளோடு ஒரு சொல் இருக்காது. அவள் எதிரே வந்தால் கிடக்கும் மட்டையைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போவார்கள். யாரும் வராத வீட்டில் தனியாக இருப்பதைவிட அது கொடுமையாக இருந்தது.

வெயில் ஏறிக் கூட்டம் கலைந்ததும் அவள் குழிக்குள் இறங்கி வாறுகால் பக்கத்தில் உட்காருவாள். மற்றவர்கள் வாசனையைத்தான் பார்த்தார்கள், அவள் அளவைப் பார்த்தாள். ஒரு பானைத் தண்ணீர்க் குளியல். ஒரு கைப்பிடி அரிசி களைந்த தண்ணீர். மதியம் ஒரே ஒரு சட்டி கழுவிய தண்ணீர். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீர் ஒருநாளும் வரவில்லை, விருந்துக்கு இலை விரித்த நாள் ஒன்றும் இல்லை. அங்கே இருப்பது ஒற்றை ஆள், மஞ்சள் பூசிக் குளிப்பதால் பெண். இது தெரிந்த அன்று பஞ்சவர்ணம் தன் சோற்றைக் குழிக்குக் கொண்டுவந்து அங்கேயே சாப்பிட்டாள். அந்தப் பக்கத்தவளுக்கு மேலவீட்டுக்காரி என்று பெயரும் வைத்துக்கொண்டாள். ஒருநாள் கழனித்தண்ணீர் வராமல் நொச்சி வாசனை மட்டும் வந்தபோது, காய்ச்சல்போல என்று இவள் தவித்துப் போனாள். மறுநாள் அரிசி களைந்த தண்ணீர் வந்த பிறகுதான் இவள் வீட்டிலும் உலை கொதித்தது.

ஆனால் தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். இவளுக்கு அவளைத் தெரியும், அவளுக்கு இவளைத் தெரியாது. எத்தனை நாள் இது. ஒரு மத்தியானம், தோப்பில் ஒரு குருவிகூட இல்லாத நேரத்தில், பஞ்சவர்ணம் பழைய சேலைத் துணியைப் பந்தாகச் சுருட்டி, மேற்குச் சுவரில் தண்ணீர் வரும் வாயில் வைத்து அடைத்துவிட்டாள்.

சட்டி கழுவிய தண்ணீர் வந்து துணிக்குப் பின்னால் முட்டியது. ஓரங்களில் கசிந்தது. மேலவீட்டுக்காரியின் முற்றத்தில் இந்நேரம் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நினைத்தபோது பஞ்சவர்ணத்துக்குத் தன் வாசலில் நட்ட கல் ஞாபகம் வந்தது. எனக்கு ஊர் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேனே என்று கூசிப்போய், துணியை உருவக் கையைக் கொண்டுபோனாள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குச்சி வந்து துணியைக் குத்தியது.

நுனி நசுங்கிய குச்சி, அடைப்பு எடுக்க எல்லா வீட்டிலும் வைத்திருப்பதுதான். துணியைத் தள்ளிக்கொண்டு அது வெளியே வந்தது. பஞ்சவர்ணம் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

குச்சி நின்றது. வெகுநேரம் இவளும் இழுக்கவில்லை, அவளும் இழுக்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு சுண்டு சுண்டினாள், முன்னால் போகிறவளின் சடையைச் சுண்டுவதுபோல. இவளும் சுண்டினாள். குச்சி உள்ளே போனது, தேங்கிய தண்ணீர் இவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. பஞ்சவர்ணம் செங்கல்லில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அது தினமும் நடந்தது. சட்டி கழுவிய தண்ணீர் போனதும் குச்சி வரும், இவள் பிடிப்பாள், இரண்டு சுண்டு, அவ்வளவுதான். ஒருநாள் இவள் குச்சி நுனியில் மல்லிகைச் சரத்தைக் கட்டிவிட்டாள். அடுத்த நாள் அதே நுனியில் நாரால் கட்டி ஒரு சில்லு வந்தது, விரல்பட்டு விரல்பட்டு வழவழப்பாகியிருந்தது. விளையாட ஆள் இல்லாமல் வைத்திருந்த சில்லு என்று பஞ்சவர்ணத்துக்குத் தோன்றியது. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சித்திரை கழிந்ததும் திலகா வந்து, வேலை முடிந்தது, அடுத்த வாரம் குழியை மூடப் போகிறோம் என்றார். தோண்டியதைத் திறந்துபோட்டால் மழையில் சிதைந்துவிடும், அதனால் தார்ப்பாய் விரித்து, எடுத்த மண்ணையே போட்டு நிரப்புவதுதான் முறையாம். பஞ்சவர்ணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடுனா அவ வாசல்ல தண்ணி நிக்கும் மேடம். வாசல்ல தண்ணி நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

திலகா அவள் முகத்தைப் பார்த்தார். யார் வாசலில் என்று கேட்கவில்லை. மூடாமல் இருக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் வாறுகாலின் வாயில் ஒரு குழாய் சொருகித் தோப்பு வழியாகத் தெரு வாறுகாலுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் கோயில் வாசலுக்குப் போனாள். கூட்டம் கூடியிருந்தது. அவள் அம்பலத்துக்கு எதிரே நின்று, கல்லை எடுத்துவிடும்படி கேட்டாள். எனக்காகக் கேட்கவில்லை, என் தண்ணீரை நான் சாகும்வரை வாளியில் சுமக்கிறேன், மேலவீட்டுத் தண்ணீர் போக மட்டும் வழி விடுங்கள் என்று சொன்னாள். யாரும் பதில் சொல்லவில்லை, பதில் சொன்னால் கட்டு உடைந்துவிடும். ஒருவர் வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். ராக்கம்மாள் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும்வரை பஞ்சவர்ணம் நின்று பார்த்துவிட்டு, தூண்களிடம் பேசிவிட்டு வருகிறவளாகத் திரும்பி நடந்தாள்.

குழி மூடுவதற்கு முந்தின நாள் விடியலில் தண்ணீர் வரவில்லை.

பெண்கள் காத்திருந்தார்கள், மாடுகள் காத்திருந்தன. பஞ்சவர்ணம் தன் முருங்கையில் ஒரு குச்சி ஒடித்து மேற்குச் சுவரின் வாய்க்குள் நீட்டினாள். கை போகும்வரை நீட்டினாள். அந்தப் பக்கம் பிடிப்பதற்கு யாரும் இல்லை. உச்சிவெயிலில் மண்சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் தண்ணீர் வந்தது, ஒரு பானை அல்ல, பானை பானையாக, கரை தளும்ப. முதலில் எண்ணெய் மிதந்து வந்தது, அப்புறம் அரப்பு, அப்புறம் மஞ்சள். அந்த வரிசையில் கடைசிக் குளியலுக்குத்தான் ஊற்றுவார்கள் என்று அங்கே நின்ற ஒருத்திக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லார் கையும் வாய்க்குப் போனது. கடைசித் தண்ணீரும் போனபின் வாறுகால் காய்ந்தது, மறுபடி நனையவே இல்லை.

இத்தனை பேர் அவளுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். இருந்த நாளில் எங்கே போயிருந்தார்கள் என்றும் நினைத்தாள். எனக்கு யார் சுமப்பார்கள் என்றும் நினைத்தாள். வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கூந்தலை முடியாமல், நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

ஊருக்குச் சங்கடம் வந்தது. சிறுவேலங்குளத்தில் கட்டு எல்லாவற்றுக்கும் உண்டு, சாவுக்குக் கிடையாது. கொலைப்பகையாக இருந்தாலும் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகாமல் இருக்கக்கூடாது. ஆனால் செத்தது யார், எந்த ஊர், எந்தக் காலம், இந்த வீட்டுக்கு என்ன உறவு என்று புளியமரத்தடியில் வெகுநேரம் வாதாடினார்கள். கடைசியில் அம்பலம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலை முழுகி உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தபிறகு என்ன பேச்சு என்று எழுந்தார்.

பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். பஞ்சவர்ணத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து அவளைத் தொட்ட முதல் கைகள் அவை. கடைசியாக ராக்கம்மாள் வந்து, ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்பலம் வாசலில் தேங்கிய தண்ணீரைத் தாண்டமுடியாமல் நின்று பார்த்தார். துட்டி வீட்டுத் தண்ணீரை மறிப்பது பாவம் என்று சொல்லி, இரண்டு பேரை விட்டு மதிலோரத்துக் கல்லைப் பிடுங்கச் சொன்னார். தேங்கியதெல்லாம் சலசலவென்று ராக்கம்மாள் வீட்டுப் பக்கம் ஓடியது.

"ஏத்தா, செத்தவ ஒனக்கு என்ன மொற வேணும்?" என்று அவர் கேட்டார். துட்டி கேட்பதில் அதையும் கேட்டாக வேண்டும்.

"பக்கத்து வீடு" என்றாள் பஞ்சவர்ணம்.

அப்புறம் அவள் துணிப்பந்தையும் குச்சியையும் சொன்னாள். இந்தப் பக்கம் அடைத்ததையும், அந்தப் பக்கம் வந்ததையும், பிடித்ததையும், சுண்டியதையும், சில்லையும் சொன்னாள். அவள் பேசுவதை ஊர் மொத்தமும் உட்கார்ந்து கேட்டது. கேட்டு முடித்ததும், துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால், ஒருவரும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் கட்டு பழையபடி நின்றது. யாரும் பேசவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை மட்டும் யாரும் திருப்பி நடவில்லை. தோப்பில் தார்ப்பாய் விரித்து மண்ணைத் தள்ளினார்கள். வீடும் தெருவும் உறைகிணறும் வாறுகாலும் மூடிக்கொண்டன. திலகா விடைபெற வந்தபோது அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லைக் காட்டினாள், அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடி அவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார். ஜீப் போனபின் தோப்பு எப்போதும் வெறும் தோப்பாகவே இருந்தது போலக் கிடந்தது. விடிந்ததும் அவள் அங்கே போய் நிற்பாள், நின்றுவிட்டுத் திரும்புவாள். முன்பு ஊர் இல்லாமல் இருந்தாள், இப்போது மேலவீட்டுக்காரியும் இல்லாமல் இருந்தாள். ராக்கம்மாள் பாத்திரம் போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் பஞ்சவர்ணம் சாப்பிட்ட ஒற்றைச் சட்டியைக் கழுவித் தண்ணீரை வாறுகாலில் ஊற்றினாள். தண்ணீர் மதிலோரம்வரை ஓடி நின்றது. நின்று, திரும்பி, வாசலை நோக்கி ஏறி வந்தது. கல்லை நட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். போய்க் குனிந்து பார்த்தாள். கல் இல்லை. மதிலுக்கு அடியில் தண்ணீர் நுழையும் ஓட்டையை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சேலைத்துணி அடைத்திருந்தது. கத்தரிப்பூக் கலரில் வெள்ளைக்கரை. அந்தச் சேலையை அவள் அறிவாள், இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நாளில் எடுத்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பஞ்சவர்ணம் முருங்கையில் ஒரு குச்சி ஒடித்தாள், நுனியைக் கல்லில் வைத்து நசுக்கினாள், முழங்கால் நனைய உட்கார்ந்து ஓட்டைக்குள் விட்டுத் துணியைத் தள்ளினாள். துணி போய்விட்டது, தண்ணீர் ஓடத் தொடங்கியது. குச்சியை அந்தப் பக்கம் ஒரு கை பிடித்துக்கொண்டது.

வெகுநேரம் இவளும் இழுக்கவில்லை, அவளும் இழுக்கவில்லை.